அனிமேஷன் படிக்க எங்கே சேரலாம்?

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு தி.நகரிலும் அடையாறிலும் அனிமேஷன் பயிற்சி நிலையங்களின் மாடிப்படிகளில் பெற்றோரும் பிள்ளைகளும் ஏறி இறங்குவார்கள். அங்கே கொடுக்கும் வண்ணத் தாளில் மாயா, இசட்பிரஷ், சப்ஸ்டன்ஸ் பெயின்டர், அன்ரியல் என்று மென்பொருள்களின் பெயர் வரிசை இருக்கும். எந்தத் தாளில் பெயர்கள் அதிகமோ அங்கே சேர்ந்துவிடுவது என்று வீட்டில் முடிவாகும். இந்தக் கணக்கு தப்பு. முப்பரிமாணத்தில் ஒரு கதாபாத்திரத்தை உருவாக்கவும் அதை நடக்கவைக்கவும் கற்க நினைக்கிறவர், தன் வேலையை யார் திருத்துவார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை திருத்துவார்கள் என்பதை வைத்தே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டணம், சான்றிதழ், கணினியின் வேகம் எல்லாம் அதற்குப் பிறகு.

காரணம் முதல் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். அனிமேஷனில் பெரும்பாலும் முதல் பாடம் துள்ளும் பந்து. நொடிக்கு 24 சட்டகங்கள். பந்து உச்சியை நெருங்கும்போது வேகம் குறைவதால், அங்கே அடுத்தடுத்த சட்டகங்களில் பந்து நெருக்கி நெருக்கி நிற்க வேண்டும்; தரையை நோக்கி வர வர இடைவெளி விரிய வேண்டும். புதிதாகக் கற்பவர் எல்லாவற்றையும் சம இடைவெளியில் வைத்துவிடுவார். பந்து நூலில் கட்டி இழுத்த மாதிரி போகும். ஏதோ சரியில்லை என்று அவருக்கே தெரியும். எது என்றுதான் பிடிபடாது. தொழில் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். இல்லாவிட்டால் அதே தவறு நடைக்கும் ஓட்டத்துக்கும் தொற்றிக்கொண்டு போகும். உருவம் செய்யும் மாடலிங்கும் இப்படித்தான். முழங்கையைச் சுற்றி வலைக்கோடுகள் போதாமல் இருந்தாலும் அசையாத உருவம் அழகாகவே தெரியும். ரிக் (அசைப்பதற்கான உள் எலும்புக்கூடு) போட்டுக் கையை மடக்கிப் பார்த்தால்தான் அந்த இடம் மடங்கிய தண்ணீர் டியூபாக நசுங்கும். வாயைச் சுற்றி வளையமாக ஓட வேண்டிய கோடுகள் குறுக்கே ஓடினால், அந்தப் பாத்திரம் ‘அம்மா’ என்று சொல்ல உதட்டை மூடும்போது தோல் கசங்கும். இதையெல்லாம் தப்பு என்று மென்பொருள் சொல்லாது. பழகிய கண்தான் சொல்லும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு சென்னையில் உள்ள வழிகளைப் பார்க்கலாம். தரமணியில் இருக்கும் தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் (பலருக்கு இன்றும் அது அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிடியூட்தான்) அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பிரிவில் நான்காண்டு இளங்கலைப் பட்டம் தருகிறது. இடங்கள் குறைவு என்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். உள்ளே சேர்ந்தவருக்கு அதுவே பலம். சிறிய வகுப்பில் யாருடைய வேலையும் ஆசிரியர் கண்ணுக்குத் தப்பாது. ஒளிப்பதிவும் இயக்கமும் எடிட்டிங்கும் படிப்பவர்கள் அதே வளாகத்தில் இருப்பது இன்னொரு லாபம். கேமரா எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாத அனிமேட்டருக்கு அந்த நட்பு பெரிய துணை. இடம் கிடைத்தால் இதுதான் முதல் தேர்வு. உருவம் செய்வதில் மட்டுமே ஆசை உள்ளவர்கள், 1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியின் சிற்பப் பிரிவையும் யோசிக்கலாம். களிமண்ணில் தோளும் விலாவும் பிடித்துப் பழகிய கை, இசட்பிரஷ்ஷைக் கற்றுக்கொள்ள அதிக நாள் எடுத்துக்கொள்ளாது. ஸ்டூடியோக்கள் டெமோ ரீலை (செய்த வேலைகளின் தொகுப்பு வீடியோவை) பார்த்துத்தானே ஆள் எடுக்கின்றன, பட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பாதி சரி. ஆனால் வெளிநாட்டு மேற்படிப்பு, வேலை விசா, கல்லூரியில் ஆசிரியப் பணி என்று வரும்போது பட்டத்தைத்தான் கேட்பார்கள். பெற்றோரின் கவலையை ஒதுக்கிவிட வேண்டாம்.

அரசு நிறுவனத்தில் இடம் கிடைக்காதவர்கள் போவது தனியார் நிலையங்களுக்கு. இங்கே பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அரீனா, மாக் இரண்டுமே ஆப்டெக் நிறுவனத்தின் பெயர்கள்தான். கிளைகளில் பல, உரிமம் பெற்ற வேறு வேறு ஆட்கள் நடத்துபவை. ஆகவே ஒரே பெயர் கொண்ட இரண்டு கிளைகளின் தரம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது உங்களுக்குப் பாடம் எடுக்கப்போகும் ஆசிரியரை. அவருடைய ரீலைக் கேளுங்கள். முதலிடம் பெற்ற மாணவரின் வேலையைக் காட்டுவார்கள். ஆறு மாதம் முடித்த சாதாரண மாணவரின் வேலையையும் காட்டச் சொல்லுங்கள். ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், ஆசிரியர் பாதியில் விலகினால் யார் வருவார், பணத்தைத் திருப்பித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ‘வேலை உறுதி’ என்ற வாக்கை நம்பிக் கடன் எடுக்க வேண்டாம்.

மூன்றாவது வழி, வீட்டிலேயே பிளெண்டரில் கற்பது. 2002-இல் ஒரு லட்சம் யூரோ நன்கொடை திரட்டி மூல நிரல் பொதுவில் திறந்துவிடப்பட்ட இலவச மென்பொருள் அது. ஸ்டூடியோவில் மாயாதானே கேட்கிறார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. பல பெரிய ஸ்டூடியோக்களில் இன்றும் மாயாதான். ஆனால் பந்தின் இடைவெளியும் முழங்கையின் கோடுகளும் எந்த மென்பொருளிலும் மாறுவதில்லை. பிளெண்டரில் கற்றதை மாயாவுக்கு மாற்றிக்கொள்ளலாம். அங்கீகாரம் பெற்ற கல்வி நிலைய மாணவர்களுக்கு, மாயாவைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதை இலவசமாகவே தருகிறது. பிளெண்டரில் செய்யப்பட்ட லாட்வியப் படமான ‘ஃப்ளோ’ 2025-இல் ஆஸ்கர் வாங்கியது. இந்த வழியின் உண்மையான ஆபத்து வேறு. திருத்த ஆள் இல்லை. யூடியூப் பாடத்தை அப்படியே செய்து முடித்தவருக்குத் தன் தவறு கடைசிவரை தெரியாமலே போகலாம். ஆகவே முழுப் படிப்பாக இதை நம்புவதைவிட, மூன்று மாதச் சோதனையாக வைத்துக்கொள்வது நல்லது. மயிலாப்பூர் மாடவீதியில் பூ கட்டுகிறவரின் கையைப் பாருங்கள்: முழங்கை கிட்டத்தட்ட அசைவதில்லை, மணிக்கட்டும் விரலுமே வேலை செய்கின்றன. அதை நோட்டில் வரைந்து, பிளெண்டரில் உருவமாக்கி, பத்து நொடி அசைவாகச் செய்து பாருங்கள். உருவமாக்குவதில் மனம் லயித்தால் மாடலிங், அசைப்பதில் லயித்தால் அனிமேஷன். இரண்டும் தனித்தனித் தொழில்கள் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் செய்துவிடுமே, இதைக் கற்க வேண்டுமா என்பது இப்போது எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி. பயம் பொய்யல்ல; எளிய வேலைகள் குறையும். ஆனால் 2014-இல் வந்த ‘கோச்சடையான்’ படத்தை நினைத்துப் பாருங்கள். மோஷன் கேப்சரில் நடிகர்களின் அசைவையே பதிவு செய்துதான் எடுத்தார்கள். அப்படியும் முகங்களில் உயிர் போதவில்லை என்ற குறை எழுந்தது. கருவி கொடுத்ததை அப்படியே ஏற்காமல், கண்ணிமையிலும் கன்னத்திலும் என்ன குறைகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்பவர் அப்போதும் தேவைப்பட்டார், இனியும் தேவைப்படுவார். அந்தக் கண், தன் வேலை பலமுறை திருத்தப்பட்டவருக்கே வாய்க்கும்.

எந்த நிலையமாக இருந்தாலும், முன்பணம் கட்டுவதற்கு முன் திருத்தம் நடக்கும் ஒரு வகுப்பில் ஒரு மணி நேரம் பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். மறுத்தால் அங்கே சேர வேண்டாம்.