லேப்டாப் ஏன் மந்தமாகிறது? வணிகர்களுக்கு ஒரு பாடம்



உக்கடத்திலும் ரங்கே கவுடர் வீதியிலும் லேப்டாப் இல்லாத மொத்த வியாபாரக் கடைகள் குறைந்துவிட்டன. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு இ-வே பில், ரிட்டர்ன் எல்லாமே கணிப்பொறி வழியாகத்தான். மாதந்தோறும் தாக்கல் செய்வோர் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-3பி அனுப்பியாக வேண்டும். 3பி தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம். நில் ரிட்டர்ன் என்றால் 20 ரூபாய். கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. கடைசி நாளில் லேப்டாப் ஊர்ந்துகொண்டிருந்தால் நட்டம் நமக்குத்தான்.

மேசையும் குடோனும்

ராம் என்பது கடையின் முன்மேசை. ஹார்ட் டிஸ்க் என்பது பின்னால் உள்ள குடோன். வேலை நடப்பது மேசையில். மேசை நிறைந்தால் விண்டோஸ் கொஞ்சம் சரக்கைக் குடோனுக்கு அனுப்பி, தேவைப்படும்போது திரும்ப எடுத்து வரும். இந்தப் போக்குவரத்தில்தான் நேரம் போகிறது. போட்டோக்களை அழித்தால் குடோனில் இடம் கிடைக்குமே தவிர, மேசை பெரிதாகாது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் வீணாகச் செலவு செய்கிறோம்.

எங்கே அடைப்பு என்று பார்ப்பது எப்படி?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று மூன்று சதவீதங்கள் தெரியும். வழக்கமான வேலை நடக்கும்போது பார்க்க வேண்டும்.

1. மெமரி 85, 90 என்று நின்றால் மேசை போதவில்லை. மெமரி என்ற தலைப்பின் மீது தட்டினால் அதிகம் எடுப்பது மேலே வரும். பெரும்பாலும் அது பிரவுசராக இருக்கும். ஜி.எஸ்.டி. தளம், வங்கி, வாட்ஸ்அப் எனத் திறந்து வைத்த ஒவ்வொன்றும் தனித்தனியாக இடம் பிடிக்கும். வேலை முடிந்ததை மூடிவிடுவோம்.

2. மெமரி குறைவாக இருந்தும் டிஸ்க் 100-ல் நின்றால், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் தடை. அதை மாற்றி எஸ்.எஸ்.டி. போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

3. சி.பி.யு. ஓயாமல் உயர்ந்திருந்தால் வைரஸ் சோதனையோ அப்டேட்டோ நடக்கலாம். பெயர் தெரியாத புரோகிராம் என்றால் வைரஸாகவும் இருக்கலாம். சூட்டையும் கவனிக்க வேண்டும். மிளகாய், மஞ்சள் மூட்டை மேல் லேப்டாப்பை வைத்தால் காற்றுத் துளை அடைபடும். தூசி உள்ளே போகும். சூடு ஏறினால் இயந்திரம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

செலவில்லாத வைத்தியம்

ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையற்றவற்றை நிறுத்துவோம். இரண்டு ஆன்டிவைரஸ் வேண்டாம், ஒன்று போதும். தினமும் ஷட்டவுன் செய்தாலும், விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் பழைய நிலையின் ஒரு பகுதி அப்படியே தங்கிவிடும். வாரம் ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதும் புதிதாகத் தொடங்கும். வேகம் கூட்டுவதாகச் சொல்லும் இலவச கிளீனர்களை நம்ப வேண்டாம்.

ராம் வாங்கும் முன்

டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஸ்லாட் காலியாக உள்ளதா என்று பார்க்கலாம். டி.டி.ஆர்.3 இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது. சில மாடல்களில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. 32-பிட் விண்டோஸ் 4 ஜி.பி.க்கு மேல் பயன்படுத்தாது. அதில் 8 ஜி.பி. போட்டாலும் பணம் வீண். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆகவே பழைய லேப்டாப்பில் பணம் போடும் முன், அது விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று கேட்டறிவது நல்லது.

கணக்கைக் காப்போம்

"ஸ்லோவா இருக்குதுங்க, ஃபார்மட் அடிச்சிடலாங்க" என்று மெக்கானிக் சொன்னால் உடனே தலையாட்டக் கூடாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். முதலில் டேலி டேட்டாவை வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, வேறொரு கணிப்பொறியில் அது திறக்கிறதா என்று பார்த்த பிறகே லேப்டாப்பைக் கொடுக்க வேண்டும். பல ஆண்டுக் கணக்கு ஒரே கம்பெனியில் சேர்ந்து கனத்திருந்தால், அதேபோல் பேக்கப் எடுத்துவிட்டு டேலியிலேயே ஆண்டுவாரியாகப் பிரிக்கலாம். எதையும் அழிக்க வேண்டியதில்லை.

லேப்டாப் போனால் வேறு வாங்கலாம். கணக்குப் போனால் வராத பாக்கியைக் கேட்கவும் ஆதாரம் இருக்காது. அடுத்த 11-ஆம் தேதிக்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இவற்றைச் சரிபார்த்து வைப்போம்.