எல்லாவற்றையும் ரஸ்ட்டில் மாற்றி எழுதலாமா?

கேள்வி: எங்கள் மென்பொருள் பல வருடமாக சி++இல் ஓடுகிறது. புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள், "சார், மொத்தத்தையும் ரஸ்ட்டில் மாற்றிவிடலாம்" என்று விடாமல் சொல்கிறார்கள். சீனியர்களோ, "கவனமாக எழுதத் தெரிந்தவனுக்கு சி++ போதும்" என்கிறார்கள். மீட்டிங் எல்லாம் சண்டையில் முடிகிறது. யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு டீம் லீடர்

பதில்: மொழி விஷயத்தில் இளைஞர்கள் பக்கம்தான் நான். ஆனால் மொத்தத்தையும் மாற்றி எழுதுவது வேண்டாத வேலை.

சி, சி++ இரண்டிலும் மெமரியைக் காப்பது புரோகிராமரின் பொறுப்பு. பத்து இடமுள்ள அர்ரேயில் பதினோராவது இடத்தில் எழுதினாலும் கம்பைலர் பெரும்பாலும் வாயைத் திறக்காது. 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டையும் இந்த ரகம்தான். ஓப்பன்எஸ்எஸ்எல் ஓடும் சர்வருக்கு ஒரு குட்டிச் செய்தியை அனுப்பி, "இதன் நீளம் 64 கேபி, அப்படியே திருப்பி அனுப்பு" என்று பொய் சொன்னால் போதும். நீளத்தைச் சரிபார்க்காத சி கோடு, மெமரியில் பக்கத்தில் கிடந்ததையும் சேர்த்து வாரிக் கொடுத்தது. பாஸ்வேர்டுகள்கூட அதில் போயின. வழக்கமான ரஸ்ட் கோடாக இருந்தால், எல்லை தாண்டிய கணமே புரோகிராம் நின்றிருக்கும்.

தங்கள் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் மெமரி தவறுகள் என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் சொன்னது. அங்கே எழுதுபவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. ஆகவே சீனியர்களின் "கவனமாக எழுதினால் போதும்" நிற்காது.

ரஸ்ட்டில் ஒரு தரவுக்கு ஒரு நேரத்தில் ஒரே உரிமையாளர். கைமாற்றிக் கொடுத்ததைப் பழைய பெயரில் தொட்டால் கம்பைலே ஆகாது. கார்பேஜ் கலெக்டர் கிடையாது என்பதால் வேகமும் சி++க்கு ஈடாக இருக்கும். விலை? ஆரம்ப மாதங்களில் கம்பைலரோடு மல்லுக்கட்ட வேண்டும். கோடு பெருகப் பெருக கம்பைல் நேரமும் நீளும்.

ரஸ்ட் சர்வரோக நிவாரணியும் அல்ல. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் முடங்கியபோது விழுந்தது ரஸ்ட் கோடுதான். பிழை வராது என்று நம்பி எழுதிய ஒரே ஒரு 'அன்ராப்'. இளைஞர்களிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் அடங்குவார்கள்.

சரி, ஏன் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம்? ஆண்ட்ராய்டைப் பாருங்கள். 2019இல் அதன் பாதுகாப்புக் குறைகளில் 76 சதவீதம் மெமரி சார்ந்தவை. 2024இல் 24 சதவீதம். பழைய கோடை அவர்கள் இடித்துக் கட்டவில்லை. புதிதாக எழுதுவதை மட்டும் படிப்படியாக ரஸ்ட், கோட்லின் போன்ற மொழிகளுக்குக் கொண்டுபோனார்கள். இவ்வகைக் குறைகள் பெரும்பாலும் புதிதாக எழுதிய, சமீபத்தில் கைவைத்த கோடில்தான் இருக்கின்றன. வருடக்கணக்கில் ஓடி அடிபட்ட கோடில் பலவற்றை ஏற்கெனவே கண்டுபிடித்து அடைத்திருப்பார்கள். அதைத் தூக்கிப் போட்டுப் புதிதாக எழுதினால், ஓட்டைகளை அடைத்த அந்த அனுபவமும் போய்விடும்.

எனவே அடுத்து எழுதப்போகும் பகுதியை, முக்கியமாக வெளியிலிருந்து ஃபைலோ நெட்வொர்க் தரவோ வாங்கும் பகுதியை, ரஸ்ட்டில் எழுதச் சொல்லுங்கள். அது சி++ஓடு சேரும் இடத்தில் 'அன்சேஃப்' வந்தே தீரும். அங்கே ரஸ்ட்டின் காவல் முழுமையாக இராது, சீனியர்கள் ரிவ்யூ செய்யட்டும். பழைய கோடுக்கு, மெமரி தவறுகளைக் காட்டிக்கொடுக்கும் அட்ரஸ்சானிடைசரைப் போட்டு இந்த வாரமே டெஸ்ட்டுகளை ஓட்டுங்கள். அதற்கு எந்தத் தரப்பின் சம்மதமும் தேவையில்லை.