வாயும் ஒரு ஒர்க்‌ஷாப்தான்!
(ஆங்கில மெய்யொலிகள் பிறக்கும் விதம்)



லேத் எப்படி ஓடுகிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூட சொல்லிவிடுவோம். ஆனால் தினமும் நாம் ஓட்டுகிற வாய் என்ற மெஷின் ஆங்கில ஒலிகளை எப்படி உற்பத்தி செய்கிறது என்று யோசித்ததுண்டா? பாடம் நன்றாகத் தெரிந்தும் வைவாவிலும் இன்டர்வியூவிலும் நம்மில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அளவு பார்க்கும் கருவி 'கேஜ்'. பேரிங்கில் பால்களைப் பிடித்திருக்கும் கூடும் 'கேஜ்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. ஆங்கிலத்தில் முதல் ஒலியே வேறு, அது மாறினால் பொருளும் மாறிவிடும்.

ஆங்கிலத்தில் மெய்யெழுத்துக்கள் 21. பிரிட்டிஷ் உச்சரிப்பில் மெய்யொலிகளோ 24! நுரையீரல்தான் கம்ப்ரஸர், அங்கிருந்து வரும் காற்றை நாக்கும் உதடும் வால்வு மாதிரி கட்டுப்படுத்துகின்றன. எந்த ஒலியானாலும் அதனிடம் மூன்று கேள்வி கேளுங்கள், பிடிபட்டுவிடும்.

1. தொண்டை அதிர்கிறதா?

குரல்வளை மேல் இரண்டு விரலை வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டுங்கள். அதிர்வு இருக்காது. நாக்கை அசைக்காமல் தேனீ மாதிரி ரீங்காரம் சேர்த்துச் சொல்லுங்கள். விரலில் அதிர்வு தெரியும். 'சைஸ்' என்ற சொல்லின் கடைசி ஒலி இதுதான். 24 ஒலிகளில் 15 அதிர்பவை, 9 அதிராதவை.

இது நமக்குப் புதிதல்ல. 'கல்' என்னும்போது க அதிராது, 'சங்கு' என்னும்போது அதிரும். 'பல்', 'தம்பி' இரண்டிலும் வரும் பகரமும் அப்படியே. தமிழில் இந்த அதிர்வு பெரும்பாலும் இடத்தைப் பொறுத்துத் தானாக வருகிறது. ஆங்கிலத்தில் அதை நாமேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். 'சங்கு' ஒலியை முதலில் வைத்தால் அளவுக் கருவி; 'கல்' ஒலியை வைத்தால் பேரிங் கூடு. அவ்வளவுதான் விஷயம்!

2. எங்கே பிறக்கிறது?

எழுத்துக்கள் பிறக்கும் இடங்களைச் சொல்ல 'பிறப்பியல்' என்று தனி இயலே வைத்தார் தொல்காப்பியர். அதே வழியில் முன்னிருந்து பின்னாகப் போவோம்.

இரு உதடுகள்: பம்ப், மோட்டார்.
மேல்பல், கீழுதடு: ஃபைல், வால்வு.
நாக்கு நுனி, பல்: தின்னர்.
பல்லுக்குப் பின்னுள்ள ஈறு மேடு: டூல், நட், லேத், சீட்.
அதற்குச் சற்றுப் பின்: ஷீட், சக், ஜிக், ரிவெட்.
நடு அண்ணம்: யார்டு.
பின் அண்ணம்: கீ, 'ஸ்பிரிங்' கடைசி ஒலி.
குரல்வளை: ஹேமர்.

'டூல்' சொல்லும்போது நம் டகரம் போல நாக்கை மடிக்க வேண்டாம். நுனி ஈறு மேட்டைத் தொட்டால் போதும். பெஞ்சில் மாட்டும் 'வைஸ்' வேண்டுமானால் மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும். உதட்டைக் குவித்தால் புத்திசாலி என்ற பொருள் தரும் சொல்போலக் கேட்கும்!

3. காற்று எப்படி வெளியேறுகிறது?

வழியை முழுக்க அடைத்துச் சட்டென்று திறந்தால் வெடிப்பொலி (6). சின்ன இடுக்கில் உரசி வந்தால் உரசொலி (9). அடைத்துத் திறந்து உடனே உரசினால் வெடிப்புரசொலி (2): 'சக்', 'ஜிக்' முதல் ஒலிகள். மூக்கு வழி வந்தால் மூக்கொலி (3). நாக்கின் பக்கவாட்டில் வந்தால் மருங்கொலி, அது லகரம் மட்டும் (1). உரசாமல் நழுவுபவை (3): 'ரிவெட்', 'யார்டு', 'வாட்' முதல் ஒலிகள். கூட்டிப் பாருங்கள், 24!

ஃபிட்டிங் ஷாப்பில் 'ஃபைல்' கேட்க நினைத்து இரண்டு உதட்டையும் அடைத்து வெடித்தால் அது 'பைல்'. அரம் கேட்டவர் சிவில்காரரின் அஸ்திவாரத் தூணைக் கேட்டவர் ஆகிவிடுவார்!

இதனால் என்ன லாபம்?

'போல்ட்' பன்மையில் கடைசி ஒலி அதிராது. 'கியர்' பன்மையில் அதிரும். முன்னால் நிற்கும் ஒலி அதிராவிட்டால் இதுவும் அதிராது, அது அதிர்ந்தால் இதுவும் அதிரும். 'கேஜ்' போல ஸ, ஷ, ச, ஜ வகை ஒலியில் முடிந்தால் மட்டும் நடுவே ஒரு இகரம் வரும். இப்படி நூறு சொல்லை மனப்பாடம் செய்வதற்குப் பதில் ஒரு விதி போதும்.

நண்பர்களே, நம் பேச்சில் தமிழ் வாடை இருப்பது குற்றமில்லை. பொருள் மாறாமல் இருந்தால் போதும். தினமும் பத்து நிமிஷம் கண்ணாடி முன் நின்று, ஒலிக்குறி உள்ள அகராதியைக் கையில் வைத்துப் பழகுங்கள். செலவே இல்லாத பிராக்டிகல் இது!