நீர் செல்லும் வழியும் நாம் வாழும் முறையும்

(ஆசிரியர்க்கு ஒரு பாடக் குறிப்பு)

பாடத்தின் நோக்கம்

இயற்கைப் பொருள்களைப் பின்வருவோர்க்கும் எஞ்சுமாறு அளவறிந்து துய்த்தல் வேண்டும் என்னும் நீதி இக்காலத்துப் பலராலும் பேசப்படுகின்றது. பேசப்படும் அளவிற்கு அது செய்யப்படாமைக்குக் காரணம் யாது? அந்நீதி எங்கோ தூரத்திலுள்ள பனிமலைகளையும் பெருங்கடல்களையும் பற்றியதெனக் கற்பிக்கப்படுதலேயாம். நம் மாணாக்கன் பனிமலையைக் கண்டவனல்லன். தன் வீட்டுக் கிணற்றையும், தந்தையின் வயல் வரம்பையும், கோயில் வீதியையும் அவன் நாடோறுங் காண்கின்றான். கண்டதிலிருந்து காணாததற்குச் செல்லுதலே நல்லாசிரியர்க்குரிய முறை. அதுபற்றித் திருக்கோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தை எடுத்துக்கொண்டு இப்பாடத்தை வகுப்பாம். பிறவூர் ஆசிரியர் தத்தம் ஊர்க் குளத்தையும் ஆற்றையும் கொண்டு இதனை மாற்றி அமைத்துக்கொள்க.

இப்பாடத்திற்கு உயிராயுள்ள கருத்து ஒன்றே. நாம் வழங்கிக் கைவிட்ட நீர் நம்மோடு முடிவதன்று; நமக்குக் கீழே ஒருவன் அதற்குக் காத்திருக்கின்றான். இதனை உணர்ந்த பிள்ளைக்கு ஏனைய விதிகளைத் தனித்தனியே மனனஞ் செய்விக்க வேண்டுவதில்லை.

1. குளமும் கோயிலும்

தம்பலகாமத்து வயல்வெளிகளுக்கு நீர் தருவது தென்மேற்கேயுள்ள கந்தளாய்க் குளம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாண்ட இரண்டாம் அக்கபோதி மன்னன் இதனைக் கட்டினான் என வரலாற்று நூல்கள் கூறும். குளக்கோட்டன் கட்டினான் என்பது தமிழர் மரபு. எவ்வாறாயினும், மழைக்காலத்து வெள்ளத்தைத் தேக்கி வேனிற்காலத்துக்கு வைத்துக்கொள்ளும் அறிவு ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக இவ்விடத்தில் நிலைத்திருக்கின்றது.

கவிராச வரோதயர் இயற்றிய கோணேசர் கல்வெட்டு, குளக்கோட்டன் கோயிலுக்குச் செய்த திருப்பணியையும் குளத்தையும் ஒருங்கே பேசுகின்றது. தானத்தார், வரிப்பத்தார் முதலானோர்க்கு இன்னின்ன தொழில் உரியவென வகுத்தமையையும் கூறுகின்றது. குளம் வேறு, கோயில் வேறு, குடி வேறு என அக்காலத்தார் பிரித்தாரல்லர். திருக்கோணேசுவரத்தைப் போர்த்துக்கேயர் 1622 ஆம் ஆண்டில் இடித்த பின்னர், அடியார் மறைத்துக் காத்த திருவுருவங்கள் தம்பலகாமத்தில் எழுந்தருளப்பெற்றன என்பது மரபு. ஆதிகோணநாயகர் கோயில் அவ்வயல்களின் நடுவே இன்றும் விளங்குகின்றது. ஆகவே அவ்வூர்ப் பிள்ளைக்கு நீரைப் பற்றிய பாடம் புறத்தே இருந்து வந்த புதுமையன்று.

அணையைப் பேணாவிடத்து வருங் கேட்டையும் ஆசிரியர் மறைத்தல் ஆகாது. 1986 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், ஏப்பிரல் 20 ஆந் தேதி, கந்தளாய் அணை உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் வயல்களும் அழிந்தன. பாரமேறிய வாகனங்கள் அணையின்மேற் சென்றமை அதற்குக் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. பழையோர் தந்த பொருளைத் துய்த்தற்கு உரிமை பெற்றோர், அதனைக் காத்தற்குக் கடமையும் பெற்றோர் என்பது இதனால் அறியப்படும்.

2. வயல்

வடகீழ்ப் பருவமழையை நம்பிச் செய்வது பெரும்போகம். குளத்தில் எஞ்சிய நீரை நம்பிச் செய்வது சிறுபோகம். சிறுபோகத்தில் வாய்க்காற்றலையில் உள்ளவன் மிகையாக நீர் பாய்ச்சினால் வாய்க்காற் கடையில் உள்ளவன் பயிர் வாடும். களவு என்பது பிறன் பெட்டியைத் திறத்தல் மாத்திரமன்று. இரவில் மடையைத் திறத்தலும் களவே. போகத் தொடக்கத்திற் கூடுங் கமக்காரர் கூட்டத்தில் நீர்முறை வகுக்கப்படுகின்றது. அம்முறையை மீறாமையே சிக்கனத்தின் முதற்படி.

நெற்பயிர்க்கு எந்நாளும் நீர் நிற்கவேண்டும் என்பது பலருடைய எண்ணம். ஆராய்ச்சியாளர் வேறு கண்டனர். பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பரப்பிய முறை வருமாறு. 30 சென்ரிமீற்றர் நீளமுள்ள குழாயொன்றின் கீழ்ப்பாகத்திற் பல துளையிட்டு, வாய் மேலே தெரியும்படி வயலில் நட்டு, உள்ளிருக்கும் மண்ணை அகற்றிவிடல் வேண்டும். வயலின் நீர் குறையுந்தோறும் குழாயுள் நீர்மட்டமும் தாழும். அது மண்மேற்பரப்புக்கு 15 சென்ரிமீற்றர் கீழே சென்ற பின்னரே மறுபடி நீர் பாய்ச்சுக. நட்டு இரு கிழமைவரையும், பூக்குங் காலத்திலும், நீர் நிற்றல் இன்றியமையாதது. இவ்வாறு செய்யின் விளைவு குன்றாமல் நூற்றுக்கு 30 பங்கு வரையில் நீர் மீதப்படலாம் என்பர். எப்பொழுதும் நீர் நிற்கும் வயலிலிருந்து எழும் மீதேன் என்னும் வாயுவுங் குறையும். உலகத்தை வெப்பமாக்கும் வாயுக்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் குடாவை அடுத்த உவர்நிலத்துக்கு இம்முறை உகந்ததன்று. அங்கே நிற்கும் நீரே உப்பை மேலெழவொட்டாது தடுக்கின்றது. நிலத்தின் இயல்பறியாது ஒரே விதியை எங்குஞ் செலுத்துதல் கல்வியாகாது.

இனி, வைக்கோல். அறுவடை இயந்திரம் வைக்கோலை வயலிலேயே பரப்பிச் செல்கின்றது. அதனை ஒரு தீக்குச்சியால் ஒழித்துவிடுதல் எளிது. ஆனால் அதிலுள்ள நைதரசன் பெரும்பாலும் புகையோடு போய்விடும். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொற்றாசியத்தின் பெரும்பகுதி நெல்லில் அன்று, வைக்கோலிலேயே உள்ளது. அதனை வயலிற் பரப்பி மடக்கி உழுதலே மண்ணுக்குப் பட்ட கடனைத் திருப்பிக் கொடுத்தலாம். பூவரசு, வேம்பு, சீமைக்கிளுவை முதலியவற்றின் தழையும், மாட்டெருவும் இதற்குத் துணையாவன.

அங்ஙனமாயின் செயற்கை உரத்தை அறவே விலக்கலாமோ எனின், அதற்கும் அண்மைக்கால விடை ஒன்றுண்டு. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடுத்தது. மாற்றுக்கு வேண்டிய எரு ஆயத்தமாகவில்லை. விளைவு வீழ்ந்தது, கமக்காரர் வீதிக்கு வந்தனர், அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. நோக்கம் நல்லதாயினும் முறையுங் காலமுந் தவறின் நன்மை தீமையாய் முடியும். மண்ணைப் பரிசோதித்து வேண்டிய அளவே இடுதலும், ஆண்டுதோறும் தழையுரத்தைக் கூட்டிச் செயற்கை உரத்தைக் குறைத்து வருதலும் அறிவுடையோர் செயல். மிகையாக இட்ட உரம் பயிருக்கு ஆகாது. வடிகாலோடு குடாவுக்குச் செல்லும்.

3. மனை

சமையலறையிற் கழுவிய நீரை வாழைக்கும் சேம்புக்கும் விடுதல் நம் தாய்மார் அறிந்த செயலே. குழாய் வந்த பின்னர் அது மறக்கப்பட்டது. சொட்டும் குழாயைப் பற்றி ஒரு கணக்குப் போடுக. விநாடிக்கு ஒரு துளி வீழ்ந்தால் நாளொன்றுக்கு 86,400 துளிகள். 20 துளி ஒரு மில்லிலீற்றர் எனக் கொள்ளின் நாலு லீற்றருக்கு மேலாகும். பிள்ளைகள் இதனைத் தாமே கண்டால், வீடு சென்றவுடன் குழாயை இறுக்குவர்.

குப்பையை இரண்டாகப் பிரித்தல் இரண்டாவது பழக்கம். மக்குவன எருக்குழிக்குரியன. மக்காதனவற்றை முற்றத்தில் எரித்தல் பலரிடத்துள்ள தீய வழக்கம். பொலித்தீனும் பிளாஸ்திக்கும் எரியுங்காலத்து எழும் புகை நச்சுத்தன்மையுடையது. அடுத்திருக்கும் குழந்தையே அதனை முதலிற் சுவாசிக்கின்றது. எறிந்துவிட்டாலோ, விலங்குகள் தின்னும். கிழக்கு மாகாணத்து அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டிலே பிளாஸ்திக்கைத் தின்று யானைகள் மாண்டமை 2022 ஆம் ஆண்டில் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. யானைமுகத்துப் பெருமானை முன்வைத்து எக்கருமத்தையுந் தொடங்கும் நமக்கு அச்செய்தி வெறுஞ் செய்தியாதல் கூடுமோ?

ஆதலின் சந்தைக்குச் செல்லும்போது பன்பையோ பனையோலைப் பெட்டியோ கொண்டு செல்லுதலும், சோற்றை இலையிற் கட்டுதலும், நீரைச் செம்பிற் கொள்ளுதலும் மீண்டும் வழக்கமாதல் வேண்டும். இவை வறுமைக்காலத்து அடையாளமென நாணுவோர் சிலர் உளர். பொருளை ஒரு முறை தொட்டு எறிதலே செல்வம் என்னும் மயக்கத்தை நீக்குதல் ஆசிரியர் கடன்.

4. கோயில்

திருநாவுக்கரசு சுவாமிகள் உழவாரப்படை தாங்கித் திருவீதிகளைச் செம்மை செய்தமை யாவரும் அறிந்தது. அப்பூதியடிகள் அவர் பெயரால் தண்ணீர்ப்பந்தர் வைத்தமையும் அறிந்ததே. ஆனால் இன்று திருவிழா முடிந்த மறுநாட் காலையில் வீதியைப் பார்க்குக. தண்ணீர்ப்பந்தரின் பெயரால் எறியப்பட்ட போத்தல்களும், அன்னதானத்தின் பெயரால் எறியப்பட்ட தட்டுக்களுங் கிடக்கின்றன. இலங்கையில் 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல், ஒருமுறை வழங்கி எறியும் பிளாஸ்திக்குக் குவளை, தட்டு, கரண்டி முதலியவற்றோடு பிளாஸ்திக்கு மாலைகளும் தடைசெய்யப்பட்டன. சட்டம் வருமுன்னரே நாம் விலக்கியிருக்க வேண்டிய மாலை அது. வாடாத மாலை மணமுந் தாராது, மண்ணோடுஞ் சேராது.

அன்னதானத்துக்கு வாழையிலையும் தாமரையிலையும், பந்தருக்குப் பானையும் செம்பும் போதும். கழித்த பூவையும் இலையையும் நந்தவனத்தின் ஒரு மூலையிற் குழியிட்டுச் சேர்த்தால், ஆறு மாதத்தில் அந்நந்தவனத்துக்கே எருவாகும். உழவாரத் தொண்டு செய்யும் மாணாக்கர் குப்பையை வாரி வீதிக்கு அப்பால் எறிந்துவிடுதல் தொண்டன்று. அது எங்குச் செல்லுமென ஆராய்ந்து செய்தலே தொண்டு.

5. குடா

வயலிற் கழிந்த நீர் தம்பலகாமக் குடாவை அடைகின்றது. கிண்ணியாவின் அருகே அக்குடா கொட்டியாரக்குடாவோடு சேர்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே முத்துக்குளிப்பு நடைபெற்றதென்பதைப் பிள்ளைகள் பலர் அறியார். மன்னார்க் கடற்சிப்பி வேறு. இது கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மெல்லிய தட்டைச் சிப்பி. ஜேம்ஸ் ஹோர்னெல் என்னும் ஆராய்ச்சியாளர் இதனை ஆய்ந்து எழுதிய அறிக்கை 1906 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அத்தொழில் இன்றில்லை. முத்து விளைந்த நீர் நம் ஊர் நீரென்று பெருமை பேசுவதோடு, வளம் எடுக்க எடுக்கக் குறையாத களஞ்சியமன்று என்பதையும் உடன் கூறுக.

குடாவின் கரையோரத்துக் கண்டன் மரங்கள் மீனுக்கும் இறாலுக்கும் தொட்டில் போல்வன. கரையை அலை அரிக்கவொட்டாது காப்பன. 2015 ஆம் ஆண்டில் இலங்கை தன் கண்டற்காடுகள் யாவற்றையும் பாதுகாக்குந் திட்டத்தை அறிவித்தது. விறகுக்காக ஒரு கண்டலை வெட்டுவோன் வரும் ஆண்டின் மீனை வெட்டுகின்றான்.

கந்தளாயிற் சிங்களக் கமக்காரரும், தம்பலகாமத்திற் சைவரும், கிண்ணியாவில் முஸ்லீம் மீனவரும் ஒரே நீரின் வழியில் வாழ்கின்றனர். மேலுள்ளோன் செய்த தூய்மை கீழுள்ளோன் வலையில் மீனாகின்றது. மேலுள்ளோன் செய்த அழுக்கு அவன் பிள்ளைக்கு நோயாகின்றது. நீர் குலமுஞ் சமயமும் வினாவாது செல்கின்றது. போர்க்காலத்தில் ஒருவரையொருவர் ஐயுற்று வாழ்ந்த இம்மாவட்டத்தில், ஒரு சமூகத்தார் மற்றொரு சமூகத்தார்க்குச் சொல்லின்றிச் செய்யத்தக்க நன்மை இதனிற் பெரிதொன்றுண்டோ?

6. பாடசாலையில் நடத்தும் முறை

யான் பயின்ற மிஷன் பாடசாலையில் இயற்கையை நேரே நோக்கிக் குறித்தெழுதும் பழக்கம் எமக்குப் புகட்டப்பட்டது. நல்ல பழக்கம் எங்கிருந்து வரினுங் கொள்ளத்தக்கது. அதனை நம் பாடசாலைகளிலும் அறநெறி வகுப்புக்களிலும் பின்வருமாறு நான்கு நாளில் நடத்தலாம்.

முதல் நாள்: குளத்திலிருந்து குடாவரைக்கும் நீர்வழியைப் படமாக வரைவிக்க. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டை அதிற் குறித்து, தனக்கு மேலே யார், கீழே யார் என எழுதுக.

இரண்டாம் நாள்: மழைக்கணக்கு. ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்யின் ஒரு லீற்றர் நீராம். பாடசாலைக் கூரை 100 சதுர மீற்றராயின், 10 மில்லிமீற்றர் மழையில் 1,000 லீற்றர் வீழ்கின்றது. அது எங்கே போகின்றது எனக் கூரையடியிற் சென்று காட்டுக.

மூன்றாம் நாள்: ஒரு நாட் குப்பையைப் பிரித்து நிறுத்து எழுதுவிக்க. மறுமாதம் அதே நாளில் மீண்டும் நிறுத்து ஒப்பிடுக.

நான்காம் நாள்: வயலுக்கு அழைத்துச் சென்று, முதிய கமக்காரர் ஒருவரைக் கொண்டு நீர்முறையைச் சொல்லுவிக்க. துளைக்குழாய் ஒன்றை நட்டு, பிள்ளைகள் கிழமைதோறும் அளந்து வருக.

ஆசிரியர் இவற்றைக் கூறுமுன் தாம் செய்தல் வேண்டும். பொலித்தீன் பையிற் சோறு கொண்டுவந்து பொலித்தீனைக் கண்டிக்கும் ஆசிரியரின் சொல் வகுப்பறை வாயிலைத் தாண்டாது. திருவள்ளுவ நாயனார் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த முறையைச் சிந்திக்குக. இறைவனுக்கு அடுத்தபடியாக நினைக்கப்பட்ட பொருளை நாம் எவ்வாறு வழங்குகின்றோம் என்பதே, பாடஞ் சொல்லுமுன் நாம் நம்மைக் கேட்கவேண்டிய வினா.

தேர்வு வினா

1. கந்தளாய்க் குளத்து நீர் எவ்வழியாகக் கடலை அடைகின்றது?
2. இரவில் மடை திறத்தல் ஏன் களவாகும்?
3. வைக்கோலை எரித்தலால் மண் இழப்பது யாது?
4. உவர்நிலத்தில் நீரை வற்றவிடல் ஏன் ஆகாது?
5. 2021 ஆம் ஆண்டின் உரத்தடையால் நாம் அறிவது என்ன?
6. உழவாரத் தொண்டு எப்பொழுது நிறைவுறும்?
7. நும் வீட்டு நீர்வழியில் நுமக்குக் கீழே இருப்போர் யாவர்? அவர்க்கு நீவிர் இன்று செய்த நன்மை யாது?