புணையாகும் கைகள்

நுழையும்முன்

ஆற்றங்கரையில் பிறந்தோர் அனைவரும் நீந்த அறிந்தோர் அல்லர். ஐம்பது அகவை கடந்தபின் நீச்சல் கற்கச் சென்ற ஆசிரியர் ஒருவர், முன்பின் அறியாதவர்களை நம்பக் கற்ற பட்டறிவை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

முக்கொம்பில் பிரியும் ஆறு, வடக்கே கொள்ளிடமாகவும் தெற்கே காவிரியாகவும் ஓடித் திருவரங்கத்தைத் தீவாக்குகிறது. அத்தீவில் வளர்ந்த எனக்கு நீந்தத் தெரியாது. ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையில் இடுப்பளவு நீரில் முழுகி எழுவதோடு சரி. ஆழத்தின் பக்கம் போகாதே என்பதே வீட்டார் எனக்குக் கற்பித்த பாடம்.

ஆட்டனத்தியைக் காவிரி கவர்ந்து சென்றதையும், ஆதிமந்தி அவனைத் தேடி அலைந்ததையும் ஒருநாள் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். மாணவி ஒருத்தி, "ஐயா, உங்களுக்கு நீந்தத் தெரியுமா?" என்று வினவினாள். தெரியாது என்றேன். அவ்வாரமே திருச்சிராப்பள்ளியில், பெரியவர்களுக்கான தொடக்கநிலை நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன்.

காலை ஆறு மணிக்கு எண்மர் குளத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றோம். காந்தி சந்தையின் காய்கறி வணிகர், செவிலியர், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கல்லூரி மாணவர் எனப் பலரும் இருந்தனர். ஒருவர் பெயரும் மற்றவர்க்குத் தெரியாது. அச்சத்தை மறைக்க முயன்றதால் எவரும் பேசவில்லை.

பயிற்றுநர் எங்களை இருவர் இருவராக நிறுத்தினார். ஒருவர் மல்லாந்து படுக்க, மற்றவர் முதுகின்கீழ் கைகொடுத்துத் தாங்க வேண்டும். நுரையீரலில் காற்று நிறைந்திருக்கும்போது மனித உடல் நீரைவிடச் சற்றே அடர்த்தி குறைந்தது. ஆகவே, உடலின் சிறு பகுதி மட்டுமே நீருக்குமேல் நிற்கும். அச்சத்தால் தலையைத் தூக்கினால் கால்கள் தாழும். மிதக்க வேண்டுமாயின் தலையை நீரில் சாய்க்க வேண்டும். சாய்க்க வேண்டுமாயின் தாங்கும் கையை நம்ப வேண்டும்.

இருமுறை தலையைத் தூக்கி நீரைக் குடித்தேன். என்னைத் தாங்கிய காய்கறி வணிகர், "சார், வானத்தைப் பாருங்க. நான் புடிச்சிருக்கேன்" என்றார். வானத்தைப் பார்த்தேன். சற்று நேரம் கழித்தே, அவர் கையை எடுத்துவிட்டதை உணர்ந்தேன்.

அவர் முறை வந்தது. என் உள்ளங்கைமீது அவருடல் நடுங்கியது. அன்று அவரால் இயலவில்லை. படிக்கட்டில் அமர்ந்திருந்தபோது, சிறுவயதில் தம்பியைக் கொள்ளிடத்தில் இழந்ததைச் சொன்னார். அதன்பின் ஆற்றில் அவர் இறங்கியதே இல்லையாம். மறுநாள் அனைவரும் அவருக்காகக் காத்திருந்தோம். ஐந்தாம் நாள் அவர் மிதந்தபோது எண்மரும் கைதட்டினோம். பெயர்களையும் அன்றுதான் கேட்டறிந்தோம்.

இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறக்கின்றனர். நீரில் மூழ்குவதைத் தடுப்பதற்கான உலக நாளாக ஜூலை 25ஐ ஐக்கிய நாடுகள் அவை 2021இல் அறிவித்தது. எங்கள் செவிலியர் ஓர் எச்சரிக்கையை அடிக்கடி கூறுவார்: "தத்தளிப்பவரைக் கண்டதும் பயிற்சியில்லாதவர் குதிக்கக் கூடாது. உரக்கக் குரல்கொடுத்து உதவிக்கு ஆள் அழையுங்கள். கரையில் நின்றபடியே கழியையோ கயிற்றையோ நீட்டுங்கள். மூடிய வெற்றுக் குடத்தை வீசுங்கள்."

ஆதிமந்திக்கு அவள் கணவனைக் காட்டிவிட்டுக் கடல்புகுந்தவள் மருதி எனப் பரணர் அகநானூற்றில் பாடுகிறார். பல்லாண்டுகள் அப்பெயரை ஒரு வரியில் கடந்து வந்தேன். இப்போது அவ்விடத்தில் நின்று, மருதி யார் என்று மாணவரிடம் கேட்டுவிட்டே மேலே செல்கிறேன்.

தெரிந்து தெளிவோம்

'புணை' என்னும் சொல்லுக்குத் தெப்பம், உதவி என இரு பொருள்களும் உண்டு. வெகுளாமை அதிகாரத்தில் வள்ளுவர், இனத்தைப் பாதுகாப்பான புணையாக உருவகிக்கிறார்.

கற்பவை கற்றபின்

1. அறிமுகமில்லாத ஒருவர் உங்களுக்குப் புணையாக நின்ற நிகழ்வை ஒரு பக்க அளவில் எழுதுக.
2. உங்கள் ஊர் நீர்நிலையில் வைக்கத்தக்க பாதுகாப்பு அறிவிப்புப் பலகை ஒன்றை உருவாக்குக.