இரண்டு வட்டியும் பத்து வாரமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணிதம்)

எட்டாம் வகுப்பில் ‘வாழ்வியல் கணிதம்’ என்றொரு பாடம் உண்டு. தனிவட்டி, கூட்டுவட்டி எல்லாம் நாம் படித்தவைதாம், மதிப்பெண்ணும் வாங்கினோம். ஆனால் அந்தப் பாடம் நம் வீட்டுக்குள் வந்ததா? சென்ற கோடை விடுமுறையில் எனக்கு எழுந்த இக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

என் ஊர் சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த ஒரு காப்பித் தோட்டம். விடுமுறையில் அங்குள்ள ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒருநாள், “இரண்டு வட்டி என்றால் என்ன?” என்று கேட்டேன். “நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாய்” என்று உடனே விடை வந்தது. “எத்தனை நாளைக்கு?” என்றேன். “ஒரு வருஷத்துக்கு” என்றனர் பலர். புத்தகத்தில் வட்டி ஆண்டுக்கணக்கு அல்லவா! ஊர்ப்பேச்சிலோ இரண்டு வட்டி என்பது மாதத்துக்கு இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24. உதவித்தொகைக்காக எல்லாருக்கும் வங்கிக் கணக்கு இருந்தது. பாஸ்புக்கைப் பிரித்துப் பார்த்தவர்கள் இருவரே.

இதைவிடச் சிக்கலானது தண்டல். எங்கள் மலையில் காப்பிப் பழம் பறிப்பது பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. சேர்வராயன் கோயில் திருவிழா மே மாதம். பள்ளி திறப்பது ஜூன். கையில் காசு குறையும் வேளையில்தான் செலவு வருகிறது, தண்டல்காரரும் வருகிறார். 10,000 ரூபாய் என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார். வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். நான் கல்லூரி விடுதியில் சேர்ந்ததும் அப்படி வாங்கிய பணத்தில்தான்.

அன்று அதை 15 விழுக்காடு வட்டி என்றே எண்ணினேன். ஆனால் 8,500 ரூபாயும் பத்து வாரம் நம் கையில் இருப்பதில்லை. முதல் வாரமே ஆயிரம் திரும்பிப் போகிறது. வாராவாரம் மீதியுள்ள முதலுக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால், வாரத்துக்கே நூற்றுக்கு மூன்று ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. முதல் வாரம் கட்டும் ஆயிரத்தில் சுமார் 261 வட்டிக்குப் போய், 739 மட்டுமே முதலில் கழிகிறது. கூட்டுவட்டி சேர்க்காமலே ஆண்டுக்கு ஏறத்தாழ 160 விழுக்காடு! அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் வந்த சட்டத்திலேயே ‘தண்டல்’ என்ற சொல் இடம்பெற்றிருக்கிறது.

அம்மாவிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். அம்மா சிரித்தார். “பேங்க்குக்குப் போனா ஒருநாள் கூலி போகும். இவன் வாசலுக்கே வர்றான். நீ விடுதிக்குப் பணம் கட்டணும்னு சொன்னதே முந்தின நாள் ராத்திரிதானே?” என்றார். என்னிடம் பதில் இல்லை. கணக்குத் தெரியாததால் மட்டுமே யாரும் தண்டல் வாங்குவதில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் பேராசிரியர் ஒருவர், தாம் படித்த பள்ளியில் இருந்த சஞ்சாயிகா சிறுசேமிப்பைப் பற்றி அடிக்கடி சொல்வார். மாணவரே காசாளர், மாணவரே கணக்கர். நாலணா, எட்டணா என்று சேருமாம். இன்று பத்து வயது நிறைந்த பிள்ளை தானே வங்கிக் கணக்கு தொடங்கி நடத்த ரிசர்வ் வங்கி இடமளிக்கிறது. ஆனால் கணக்கு எழுதிப் பழகும் அந்த வாய்ப்பு பாஸ்புக்கில் இல்லை. பறிப்புக் காலத்தில் வாரம் 300 ரூபாய் அஞ்சலகத்தில் போடுவதென்று அம்மாவும் நானும் பேசியிருக்கிறோம். பதினாறு வாரத்தில் 4,800 சேரும். நோட்டு எழுதுவது என் வேலை.

விடுமுறை முடியும் முன் ஒரு மாணவி தன் வீட்டுத் தண்டல் அட்டையைக் கொண்டுவந்தாள். கரும்பலகையில் பத்து வரி போட்டு அவளே கணக்கிட்டாள். ஏழாம் வரியில் கழித்தல் தவறியதைக் கண்டுபிடித்தவன், கதவோரம் நின்றிருந்த அவள் தம்பி.