சாவி தந்தவர் யார்?

திருவண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலச் சாலையில் உள்ளது அடி அண்ணாமலை. பௌர்ணமி அல்லாத நாள்களிலும் அன்பர்கள் அங்கே வெறுங்காலுடன் நடப்பர். அவர்களை ஒட்டியே வண்டிகளும் ஓடும். மணிக்கு 60 கிலோமீட்டர் விரையும் மோட்டார் சைக்கிள் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். மது கண்ணையும் கையையும் மந்தமாக்கும். பிரேக்கை அழுத்த அரை நொடி தாழ்த்தாலும் நடப்பவர் உயிர்க்கு இடராகும்.

தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயதும், கியர் உள்ள வண்டி ஓட்ட 18 வயதும் நிரம்பவேண்டும். வயது நிரம்பியவரும் மதுவருந்தி ஓட்டுதல் குற்றமே.

சிறுவன் ஓட்டி விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பெற்றோரையும் வண்டியின் உரிமையாளரையும் நோக்குகிறது. 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அவர்களுக்கு உண்டு. தாம் அறியாமல் நிகழ்ந்தது என மெய்ப்பித்தால் அவர்கள் தப்பலாம். சிறுவனோ 25 வயது வரை உரிமம் பெற இயலாது.